வெள்ளைப் பெட்டியும் கதவடி மெனுவும்: சீனச் சாப்பாடு அமெரிக்க வாசலுக்கு வந்த வழி

"அமெரிக்கத் தொடர்களில் நடுராத்திரியில்கூட யாராவது வெள்ளைக் காகிதப் பெட்டியில் சீன நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இது சீனர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கமா, அங்கே போய்த் தொடங்கியதா? முதலில் ஆரம்பித்தவர் யார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை நாட்டுச் சமையல் இருக்கும் ஊரில் வீட்டு வாசல்வரை போய்ச் சேர்ந்தது ஏன் சீனச் சாப்பாடு என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மூன்று சங்கதிகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் கடைக்குப் போய்ப் பார்சல் வாங்கி வருவது ஒன்று. கடை ஆள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது இரண்டாவது. யாரும் கேட்காமலே மெனுவைக் கதவடியில் தள்ளிவிட்டுப் போவது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் வயது வேறு, காரணம் வேறு. பெட்டிக்கோ சீனாவோடு சம்பந்தமே இல்லை.

முதலில் ஆட்கள். 1849இல் கலிபோர்னியாவில் தங்கம் தேடிக் கூட்டம் குவிந்தபோதே சான் பிரான்சிஸ்கோவில் சீன உணவகங்கள் திறந்துவிட்டன. வந்தவர்களில் பெரும்பாலோர் குவாங்டொங் மாகாணத்தின் தைஷான் பக்கத்துக் கிராமத்தார். சுரங்கமும் ரயில் பாதையும் முடிந்த பிறகு வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் அவர்களைப் பல வேலைகளிலிருந்து துரத்தினார்கள். மிஞ்சியவை இரண்டு, சலவைக்கடையும் சாப்பாட்டுக்கடையும். 1882இல் வந்த சீனர் விலக்குச் சட்டம் சீனக் கூலித் தொழிலாளிகள் நாட்டுக்குள் வருவதையே தடுத்தது. 1890 கணக்கெடுப்பில் 1,07,000-க்கு மேல் இருந்த சீனர் தொகை 1920இல் ஏறக்குறைய 61,000 ஆகச் சுருங்கியது. ஆனால் அதே காலத்தில் சீன உணவகங்கள் பெருகின. ஆள் குறையும்போது கடை எப்படிக் கூடும்?

விடை சட்டத்துக்குள் இருந்த ஒரு சந்தில் இருக்கிறது. கூலிக்காரர் வரக்கூடாது, வணிகர் வரலாம். உணவகம் நடத்துபவரும் வணிகர்தான் என்று 1915இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. உடனே எல்லாருக்கும் கதவு திறந்துவிடவில்லை. கடை 'உயர்தர'மானதாக இருக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் அதில் பெரிய பங்கு போட்டிருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டு முழுநேரமாக நிர்வாகம் பார்த்திருக்க வேண்டும். அந்த ஓராண்டில் அவர் சமைக்கவோ பரிமாறவோ கல்லாவில் உட்காரவோ கூடாது. சீனர் அல்லாத இருவர் அவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். தனி ஆளால் அவ்வளவு முதல் திரட்ட முடியாது. ஆகவே உறவும் ஊரும் கூடிப் பங்கு போட்டார்கள். ஆண்டுக்கு ஒருவர், ஒன்றரை ஆண்டுக்கு ஒருவர் என்று முறைவைத்து 'மேலாளர்' நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒருவர் தன் முறை முடிந்து ஊருக்குப் போய்க் குடும்பத்தாரை அழைத்துவர, அடுத்தவர் அந்த நாற்காலிக்கு வந்தார். நியூயார்க்கில் 1910க்கும் 1920க்கும் இடையில் சீன உணவகங்கள் நான்கு மடங்காயின. சாப்பாட்டின் ருசிதான் கடைகளைப் பெருக்கியது என்று எழுதுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய விடுபடலாகவே படுகிறது. ஒரு சமூகத்தைச் சமையலறைக்குள் தள்ளிப் பூட்டியது சட்டம். அந்தச் சமையலறையையே கடவுச்சீட்டாக மாற்றிக்கொண்டார்கள் அவர்கள்.

அந்தக் கடைகளில் விற்றது சாப் சூயி. பன்றி இறைச்சி அல்லது கோழி, செலரித் தண்டு, வெங்காயம், முளைப்பயறு, மூங்கில் குருத்து எல்லாவற்றையும் சின்னதாக நறுக்கி வதக்கி, மாவு கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பு. லீ ஹோங்ஜாங் என்ற சீனப் பெரும் அதிகாரி 1896இல் நியூயார்க் வந்தபோது அவருடைய சமையல்காரர் கண்டுபிடித்தது என்ற கதையை எங்கும் படிப்பீர்கள். அவர் வந்தது உண்மை, ஊரே திரண்டு வேடிக்கை பார்த்ததும் உண்மை. சமையல் கதை மட்டும் நிற்காது, ஏனென்றால் 1880களிலேயே அந்தப் பெயர் அமெரிக்க அச்சில் வந்துவிட்டது. 'பலவகைத் துண்டுகள்' என்ற பொருளில் தைஷான் மக்களிடம் வழங்கிய வீட்டுச் சமையல் அது என்பதே பொருத்தமான விளக்கம். அவர் வருகை கிளப்பிய பரபரப்பில் வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் அந்தக் கடைகளுக்குள் நுழையத் தொடங்கினார்கள் என்பதுவரை ஒப்புக்கொள்ளலாம்.

இனி உங்கள் பெட்டி. அது சிப்பி வாளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கடலோர ஊர்களில் சிப்பி மலிவான சாப்பாடு. மேல் ஓட்டை உடைத்து எடுத்த சிப்பிச் சதையை அதன் நீரோடு வீட்டுக்குக் கொண்டுபோக ஒழுகாத பாத்திரம் ஒன்று வேண்டியிருந்தது. சிகாகோவைச் சேர்ந்த ஃபிரெடரிக் வீக்ஸ் வில்காக்ஸ் 1894 நவம்பர் 13 அன்று ஒரு காகித வாளிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் சூட்சுமம் மடிப்பில் இருக்கிறது. ஒரே தாள்தான். மூலைகளை வெட்டி ஒட்டுவதில்லை, வெளிப்பக்கமாக மடித்துவிடுகிறார்கள். அடியிலும் பக்கத்திலும் இணைப்பே இல்லாததால் குழம்பு கசிய வழியில்லை. மேலே ஒரு கம்பிக் கைப்பிடி. சிப்பிப் படுகைகள் அழிந்து விலை ஏறியதும் பெட்டிக்கு வேறு சரக்கு தேவைப்பட்டது, சீனக் கடைகளுக்கோ மலிவான ஒழுகாத பாத்திரம் தேவைப்பட்டது. மேலே அச்சிட்ட சிவப்புக் கோபுரமும் வளைந்த எழுத்தில் 'நன்றி'யும் ஒட்டிக்கொண்டது 1970களில்தான். அதை வரைந்தவர் அந்தப் பெட்டி நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு வடிவமைப்பாளர். ஆகவே 1940களில் நடக்கும் படம் ஒன்றில் கோபுரம் அச்சிட்ட பெட்டியைக் காட்டினால் அது பிழை.

அந்தப் பெட்டி எதற்குச் சரி, எதற்குச் சரியில்லை என்பதும் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சின்னதாக நறுக்கிய காய்கறி, கெட்டிக் குழம்பு, சோறு, நூடுல்ஸ் ஆகியவற்றுக்கு அது கச்சிதம். மூடியின் நான்கு மூலைகளிலும் சிறு இடைவெளி விடுவதால் ஆவி கொஞ்சம் வெளியேறும். பொரித்த பண்டத்துக்கு அந்த இடைவெளி போதாது. வறுத்த கோழியைச் சூடாக நிரப்பி மூடினால் அதன் ஆவியே அதன் மொறுமொறுப்பைத் தின்றுவிடும். கம்பியோடு மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். அளவுகள் இரண்டுதான் பெரும்பாலும், பைன்ட் எனப்படும் 16 அவுன்ஸ், குவார்ட் எனப்படும் 32 அவுன்ஸ். நம் கணக்கில் அரை லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் கீழே. மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே இரண்டு விலை இருப்பது இதனால்தான். இன்றைக்குச் சூப் வருவது வட்டமான பிளாஸ்டிக் டப்பாவில், சோறும் கறியும் சேர்ந்த காம்போ வருவது அறை பிரித்த தட்டில். தொடர்களில் காணும் அளவுக்கு அந்த வெள்ளைப் பெட்டி கடைகளில் இல்லை.

சாப்பாடும் பயணத்துக்குத் தோதாக அமைந்தது. சமையலறையில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காலையிலேயே கோழியை மெல்லிய துண்டாக நறுக்கி, அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி சோள மாவும் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவும் பிசறி, மிதமான சூட்டு எண்ணெயில் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடுவார்கள். ப்ரோக்கோலியைக் கொதிநீரில் போட்டு எடுத்து வடித்து வைப்பார்கள். பழுப்புக் குழம்பு, வெள்ளைக் குழம்பு, காரமான பூண்டுக் குழம்பு மூன்றும் தனித்தனிப் பாத்திரத்தில் தயார். ஆர்டர் வந்ததும் பெரிய தீயில் வாணலியைக் காய்ச்சி எல்லாவற்றையும் சேர்த்துப் புரட்டினால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு பண்டம் முடிந்தது. கடைசியில் ஊற்றும் சோள மாவுக் கரைசலில்தான் கைத்திறம். மாவு ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, ஊற்றியபின் ஒரு கொதி கட்டாயம் வர வேண்டும். கொதிக்காமல் இறக்கினால் பச்சை மாவு வாசனை வரும், வழியிலேயே குழம்பு நீர்த்துவிடும். காயைச் சரியாக வடிக்காவிட்டாலும் அதே கதி, இருபது நிமிடத்தில் பெட்டியடியில் தண்ணீர் தேங்கிவிடும். பொரித்த கோழிக்கு மதியமே ஒருமுறை பொரித்து வைத்து, ஆர்டர் வந்ததும் இன்னும் அதிகச் சூட்டில் ஒரு நிமிடம் மறுபடி பொரிப்பார்கள். இப்படி ஐந்தாறு வகை இறைச்சி, பத்துப் பன்னிரண்டு காயும் குழம்புமாக மாற்றி மாற்றிச் சேர்த்தால், நான்கு பேர் கடையில் நூற்றைம்பது பண்டம் உள்ள மெனு வந்துவிடும். கூட்டுத்தொகை பெரிதாகத் தெரியும், சரக்கு அறை சின்னதுதான்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததில் 'முதல் கடை' என்று ஒரு பெயரை அறுதியிட வேண்டாம். 1920களிலேயே லாஸ் ஏஞ்சலிஸில் கின்-சூ என்ற கஃபே சீனப் பண்டங்களைச் சமைத்து வீட்டுக்கே அனுப்புவதாக விளம்பரம் செய்திருக்கிறது. பார்சல் வசதி அதற்கும் முன்பே இருந்தது. விளம்பரம் செய்யாமல் தெருமுனை வீட்டுக்குப் பையனிடம் கொடுத்தனுப்பிய கடைகள் எந்தப் பதிவிலும் ஏறியிருக்காது. உறுதியாகச் சொல்லக்கூடியது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தபோது பார்சல் வியாபாரம் வேகமெடுத்தது என்பது. 1943இல் விலக்குச் சட்டம் நீங்கினாலும் ஆண்டுக்கு 105 பேர் என்ற ஒதுக்கீடுதான் கிடைத்தது. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகே புது ஆட்கள் பெரிய அளவில் வந்தார்கள், அவர்களோடு தைவான் வழியாக ஹூனான், சிச்சுவான் மாகாணங்களின் சமையலும் வந்தது. 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் விருந்தில் சாப்ஸ்டிக் பிடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த நாடு, சாப் சூயி அல்லாத சீனச் சாப்பாட்டைத் தேடத் தொடங்கியது. ஜெனரல் ஸோ கோழி அப்போது வந்ததுதான். ஹூனானில் பிறந்த பெங் சாங்-குவெய் 1950களில் தைவானில் அதை உருவாக்கினார், அதில் சர்க்கரை கிடையாது. நியூயார்க் சமையல்காரர்கள் மாவுப் பூச்சை மொறுமொறுவென்றாக்கி, குழம்பில் இனிப்பு சேர்த்தார்கள். அந்த இனிப்புப் பாகுதான் இன்று நாடெங்கும் பெட்டியில் போகிறது.

மெனுவுக்கு வருகிறேன், இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. 1976இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில், 'அப்பர் வெஸ்ட் சைட்' எனப்படும் மேற்கு மேல்பகுதியில், பிராட்வேயும் 97ஆம் தெருவும் கூடுமிடத்தில் எம்பயர் செச்சுவான் என்ற கடை திறந்தது. அதை நடத்திய மீசா சாங், கடையைத் தேடி ஆள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. மெனுவை அச்சடித்துச் சுற்றியிருந்த அடுக்குமாடிகளில் கதவுக்குக் கதவு தள்ளச் செய்தார், இலவசமாக வீட்டுக்கு அனுப்பினார். டெலிவரி அதற்கு முன்பும் இருந்தது, துண்டு விளம்பரமும் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு வியாபார முறையாக்கி மற்றவர்களையும் அதே வழியில் இழுத்தது இந்தக் கடை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. இடமும் நேரமும் கைகொடுத்தன. ஒரே கட்டடத்தில் நூறு கதவு, எல்லா வீட்டிலும் சின்னச் சமையலறை, இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள், இருட்டியபின் தெருவில் இறங்கவே அஞ்சிய நியூயார்க்.

முறை இப்படி: வாயிற்காவலர் மெனுக்காரரை உள்ளே விடமாட்டார், ஆனால் ஆர்டர் கொண்டுவருபவரை விட்டாக வேண்டும். ஏழாம் மாடிக்கு ஒரு பை கொண்டுவந்தவர் அதைக் கொடுத்துவிட்டு, லிஃப்டில் உச்சிக்குப் போய்ப் படிக்கட்டு வழியே ஒவ்வொரு மாடியாக இறங்கிக்கொண்டே மெனுக்களைத் தள்ளிவிடுவார். மதியக் கூட்டம் ஓய்ந்து மாலைக் கூட்டம் தொடங்கும்வரை உள்ள இரண்டு மூன்று மணிநேரமும் இதற்கே. விரைவிலேயே கட்டட வாசல்களில் 'மெனு போடாதீர்கள்' என்ற அறிவிப்புகள் தொங்கின. குவியும் காகிதத்தால் குடியிருப்போருக்கு எரிச்சல் வந்தது நியாயம்தான். ஆனால் பெரிய வீதியில் வாடகை கொடுக்க முடியாதவருக்குக் கடையின் பெயர்ப்பலகையே அந்த மெனுதான். சந்துக்குள் நாலு நாற்காலிகூட இல்லாமல் அடுப்பும் தொலைபேசியும் மட்டும் வைத்துப் பிழைக்க முடிந்தது அதனால்தான்.

1980களிலிருந்து ஃபுஜியான் மாகாணத்து ஃபூஜோ பகுதியினர் இந்தத் தொழிலை நாடெங்கும் கொண்டுபோனார்கள். கடத்தல்காரர்களுக்குப் பெருங்கடன் பட்டு வந்தவர்கள் பலர். 1993 ஜூன் 6 அன்று நியூயார்க்கின் ராக்அவே கரையில் தரைதட்டிய கோல்டன் வென்ச்சர் கப்பலில் 286 பேர் இருந்தார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். பிழைத்து இறங்கியவர்களுக்கு மன்ஹாட்டன் சைனாடவுனின் ஈஸ்ட் பிராட்வே பக்கத்து வேலைவாய்ப்புக் கடைகளே திசைகாட்டி. அங்கே சுவரில் ஒட்டிய சீட்டுகளில் ஊர்ப்பெயர் இருக்காது. தொலைபேசியின் மூன்றிலக்கப் பகுதி எண், மாதச் சம்பளம், பேருந்தில் எத்தனை மணிநேரம், இவ்வளவுதான். ஒஹையோ மாநிலம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் அந்த எண்ணைப் பார்த்துப் பேருந்து ஏறுவார். ஆங்கிலம் தெரியாத சமையல்காரருக்கு மெனுவின் எண்கள் கைகொடுத்தன. தொலைபேசியில் ஆர்டர் எடுப்பவர் சீட்டில் எண்ணையோ சுருக்கெழுத்தையோ போடுவார். சோற்றைக் குறிக்கும் பன்னிரண்டு பதின்மூன்று கோட்டுச் சீன எழுத்துக்குப் பதில், ஏறக்குறைய அதே ஓசையுள்ள நான்கு கோட்டு எழுத்து. ஊருக்கு ஊர் மெனு ஒன்றுபோல இருப்பதும் இதே வலையால்தான். சைனாடவுனின் சில அச்சகங்களே பல மாநிலங்களுக்கு மெனு அடித்தன. பண்டமும் படமும் ஏற்கெனவே தயார், கடைப் பெயரையும் விலையையும் மாற்றினால் போதும்.

கொண்டுபோன ஆட்களைப் பற்றி எழுதாமல் இந்த வரலாறு முடியாது. சைக்கிளும் பழுதுபார்ப்பும் அவர்கள் செலவு, வருமானம் பெரும்பாலும் டிப்ஸ். மன்ஹாட்டனில் ஓர் ஆசிய உணவகத்தின் டெலிவரி ஆட்கள் 36 பேர் தொடுத்த வழக்கில், மணிக்கு இரண்டு டாலருக்கும் கீழே கொடுத்திருந்தது வெளிவந்து, 2008இல் நீதிமன்றம் 46 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. 2005 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் உயரமான குடியிருப்பில் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பிய ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு மூன்று நாளுக்கும் மேல் தண்ணீர்கூட இல்லாமல் கிடந்தார். ஊரே அவர் கொலையுண்டாரோ என்று தேடிக்கொண்டிருந்தது. வழிப்பறிக்காகவே பொய் ஆர்டர் கொடுத்து வரவழைத்துத் தாக்கிய சம்பவங்கள் பல. 'இலவச டெலிவரி' என்று மெனுவில் அச்சிட்ட சொல்லுக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்.

உணவு டெலிவரிச் செயலிகள் வந்தபின் கதவடி மெனு ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஒவ்வொரு ஆர்டரிலும் 15 முதல் 30 விழுக்காடுவரை செயலி நிறுவனத்துக்குக் கழிவாக (கமிஷனாக) போகிறது. 2020இல் நியூயார்க் நகரம் டெலிவரிக் கழிவுக்கு 15 விழுக்காடு என்று தற்காலிக வரம்பு வைத்து, அடுத்த ஆண்டு அதை நிரந்தரமாக்கியது. லாபம் மெலிந்த கடைக்கு அதுவே பெரிய தொகை. கல்லாவுக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். பெற்றோர் ஆசைப்பட்டதும் அதைத்தான்.

பழைய மெனு ஏதாவது கையில் கிடைத்தால் அதன் காலத்தை ஓரளவு கணிக்கலாம். தொலைபேசி எண் எழுத்துகளில் தொடங்கினால் பெரும்பாலும் 1960களையோ அதற்கு முந்தைய காலத்தையோ சேர்ந்தது. சாப் சூயியும் சௌ மெய்னும் முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டு, ஹூனான், சிச்சுவான் பெயர்களே இல்லையென்றால் 1970களுக்கு முன். 'அஜினமோட்டோ சேர்ப்பதில்லை' என்றிருந்தால் 1968க்குப் பின், அந்த ஆண்டில்தான் ஒரு மருத்துவ இதழில் வெளியான கடிதம் அந்தப் பயத்தைக் கிளப்பியது. ஜெனரல் ஸோ இருந்தால் 1970களிலோ அதற்குப் பின்போ. இணைய முகவரி இருந்தால் சொல்லவே வேண்டாம். விலையை மட்டும் நம்பாதீர்கள். மறு அச்சுச் செலவை மிச்சம்பிடிக்கப் பேனாவால் அடித்துத் திருத்திய மெனுக்கள் ஏராளம். அப்படித் திருத்தியிருந்தால் கீழே இருக்கும் அச்சு விலையே பழைய காலத்தைச் சொல்லும், அதைத்தான் பார்க்க வேண்டும். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் ஏறக்குறைய 10,000 சீன உணவக மெனுக்கள் கொண்ட ஒரு தொகுப்பு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து தொடங்குங்கள்.